தூது போனவள்

சனி பிடிக்கப்போகிறது என்று ஜோசியர் சொன்னாலே நம் ஜனம் கோவிலுக்கு ஓடும். எள்விளக்கு ஏற்றி, காக்கைக்குச் சோறு வைத்து, எப்படியாவது அவர் கண்ணில் படாமல் தப்பிக்கப் பார்ப்போம். அப்படிப்பட்ட ஜனம் இரண்டு வருஷம் கப்பலில் அடைந்து கிடந்து, சனியின் மடியிலேயே போய்க் குடித்தனம் வைத்தது என்றால் வயிற்றுப்பாடு என்கிற ஒன்றுதான் காரணம். தூத்துக்குடிக் கரையில் கடல் ஏறி உப்பளங்களை விழுங்கிவிட்ட காலம் அது. கம்பெனி ஆட்கள் தெருத்தெருவாக வந்து ஆள் பிடித்தார்கள். நடந்தது நடக்கட்டும் என்று ஆயிரக்கணக்கில் பெயரைக் கொடுத்தார்கள்.

போன இடம் டைட்டன். சனியைச் சுற்றுகிற பெரிய நிலா. அங்கே ஏரி உண்டு, தண்ணீர் கிடையாது. எரிவாயுதான் குளிரில் திரவமாகி ஏரியாகக் கிடக்கிறது. அதை இறைத்துக் கம்பெனிக் கப்பலில் ஏற்றுவது வேலை. வானம் எந்நேரமும் ஆரஞ்சு நிற மூட்டம். இத்தனை தூரம் போயும் தரையிலிருந்து சனியைப் பார்க்க முடியாது. கண்ணில் படவேண்டாம் என்று வேண்டிக்கொண்டது பலித்துவிட்டது என்று முதலில் போனவர்கள் சிரித்தார்களாம்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. ஒன்பது வருஷ உழைப்பு, பிறகு கம்பெனி செலவில் ஊர் என்றுதான் பேச்சு. டைட்டனில் மனிதனுக்கு எடை ஏழில் ஒரு பங்கு. ஒன்பது வருஷம் அப்படி இருந்தால் எலும்பு உளுத்துவிடும், இதயம் சோம்பிப்போகும், மறுபடி பூமியின் எடையைத் தாங்காது. கம்பெனி வைத்தியர்களுக்கு இது முன்பே தெரியும். ஒப்பந்தம் முடிந்து முதல் கப்பலில் ஊர் திரும்பியவர்களில் ஒருவர்கூடத் தரையில் எழுந்து நடக்கவில்லை; இறங்கின கம்பெனித் துறையிலேயே செத்தார்கள். அந்தச் செய்தி டைட்டனுக்கு வந்தது. தூத்துக்குடிக்கு மட்டும் போகாமல் கம்பெனி பார்த்துக்கொண்டது.

அதிலிருந்து டைட்டனில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. பிடிவாதம் பிடித்து யாராவது ஊருக்குக் கப்பலேறினால், புறப்படுகிற அன்று அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். அதோடு துக்கம் முடிந்தது. பிறகு அவரைப் பற்றிப் பேசுவதில்லை, அவருக்குச் சேதி அனுப்புவதில்லை. சாகப்போகிறவரிடம் சுகமா என்று கேட்க யாருக்கு மனசு வரும்? வழக்கத்தில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் நியாயமான வழக்கத்தையும் தப்பான இடத்தில் கடைப்பிடிக்கலாம். டைட்டன்காரர்கள் அதைச் செய்தார்கள்.

செபஸ்தியாள் மூன்றாம் கப்பலில் வந்தவள். வரும்போது அவளுக்கு வயது இருபத்தாறு. புருஷன் கடலில் போய்விட்டான். நாலு வயது மகன் ரெமியை அக்காள் பிலோமியிடம் விட்டுவிட்டு வந்தாள். “அவன் காலேஜுக்குப் போறதுக்குள்ள வந்துருவேன்” என்று முதல் நாள் பந்தியில் எல்லோரிடமும் சொன்னாள். எதிரே இருந்த யாரும் மறுத்துப் பேசவில்லை. அவள் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்கள். உண்மையை அவள் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நாள் ஆயிற்று.

டைட்டனிலிருந்து பேசுகிற பேச்சு பூமிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். பதில் வர இன்னொரு ஒன்றரை. “அம்மா, என்ன செய்யுத?” என்று கேட்ட பிள்ளை, பதில் வருவதற்குள் விளையாடப் போயிருக்கும். அதற்கு அவள் சொன்ன கதை போய்ச் சேரும்போது தூங்கியிருக்கும். பத்து வயதில் ரெமி பேசுவதை நிறுத்திக்கொண்டான். கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. பதில் வராத இடத்தில் எந்தப் பிள்ளை எத்தனை நாளைக்குப் பேசிக்கொண்டிருக்கும்?

பிள்ளையைப் பிரித்த அதே மூன்று மணி நேரம்தான் விடுதலையையும் தடுத்தது. கம்பெனிக்கு மேலே அதிகாரமுள்ள குடியேற்ற வாரியம் திருவனந்தபுரத்தில் கூடும். கம்பெனியை விலக்கி டைட்டனைத் தனி நாடாக்குங்கள் என்கிற டைட்டன்காரர்களின் மனுவைப் படிப்பார்கள். ஒரு சந்தேகம் கேட்பார்கள். பதில் வர நேரமாகும் என்பதால் சாப்பிடப் போவார்கள். சாப்பிட்டு வந்ததும், பதிலுக்குக் காத்திராமல் ஓட்டெடுத்து மனுவைத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். வருஷக்கணக்கில் இந்தக் கூத்து நடந்தது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். செபஸ்தியாளுக்கு வாய் இருந்தது. ஏரியை இறைக்கிற பம்புவீட்டுத் தொழிலாளர் சங்கத்துக்கு அவள் காரியதரிசி ஆனாள். வேலைநிறுத்தம் நடத்தினாள். கம்பெனி வெப்ப உலையிலிருந்து கூரை போட்டு மூடிய மூன்றாம் தெருவுக்குப் போகிற சூட்டை நிறுத்தியது. வெளியே எச்சில் துப்பினால் கல்லாக விழுகிற குளிர். மறுநாள் அந்தத் தெருவில் கதவைத் திறந்தவர் யாருமில்லை. கோளாறு என்று கம்பெனி சொன்னது.

அந்த நேரத்தில்தான் நிழல் என்கிற வித்தை வந்தது. ஒருவரின் நினைவு, புத்தி, கோபதாபம், பேச்சு எல்லாவற்றையும் அப்படியே படியெடுத்து, வானலையில் பூமிக்கு அனுப்பி, அங்கே ஓர் இயந்திரத்துக்குள் எழுப்பி உட்கார்த்திவிடலாம். உடம்பு இல்லையே தவிர அது அந்த ஆளேதான். படியெடுத்த நிமிஷம்வரை இருவருக்கும் ஒரே வாழ்க்கை. அதற்குப் பிறகு அவரவர் பாடு. ஒரு ஆளுக்கு ஒரு நிழல்தான் என்றது சட்டம். நிழல் கொடுக்கிற வாக்கு செல்லவேண்டுமானால், உடம்போடு இருக்கிறவர் தன் குரலில் “ஒப்புகிறேன்” என்று சொல்ல வேண்டும் என்றும் சொன்னது.

வாரியத்து மேஜையில் எதிரே உட்கார்ந்து, கேட்ட கேள்விக்குக் கேட்ட நொடியில் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். செபஸ்தியாளைவிட்டால் யார்? அவளுடைய நிழல் தூது போயிற்று.

போன அன்று, பழக்க தோஷம், பந்தியில் ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்தார்கள். போகிறவள் பூமிக்குப் போகிறாள், திரும்ப மாட்டாள். வழக்கம் வழக்கம்தானே? கவிழ்த்தவள் செபஸ்தியாளேதான். ஒரே ஆளுக்கு ஒரு தட்டு கவிழ்ந்தது, இன்னொரு தட்டில் சோறு விழுந்தது. சாவதற்கு உடம்பே இல்லாத ஒருத்திக்கு எதற்கு இது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆகவே பன்னிரண்டு வருஷம் நிழலுக்கு வேலை மட்டும்தான் சொன்னார்கள். உலையைக் கேள், பம்புவீட்டை விடாதே, கம்பெனி வைத்தியர்களை விசாரிக்கச் சொல். முதலில் கொஞ்ச நாள் நிழலின் அறிக்கைகள் “அங்க எல்லாரும் சுகமா?” என்று முடிந்தன. அதற்கு ஒருவரும் பதில் அனுப்பவில்லை. பிறகு அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

இடையில் அக்காள் பிலோமியிடமிருந்து ஒரு சேதி வந்தது. சாவதற்குச் சில மாதம் முன்னால் அனுப்பியது. “ரெமி இப்பம் ஞாயித்துக்கிழம தவறாம திருவனந்தபுரத்துக்கு ரயிலேறி ஒன்னப் பாக்க வந்துருதான். ஒன்கூடப் பேசிட்டு வந்தா அவன் மொகமே வேற. எனக்கு அது போதும்ட்டி” என்று சொல்லியிருந்தாள். பாவம், அவளுக்கு இரண்டு செபஸ்தியாளும் ஒன்றுதான். இங்கே கேட்டுக்கொண்டிருந்தவளுக்குத்தான் நெஞ்சு எரிந்தது. தன் மகன் தன்னோடு பேசுகிறான், தனக்கே தெரியாமல். இந்தப் பொறாமையை யாரிடம் சொல்லி அழுவது? அவள் சொல்லவில்லை. அடுத்த வாரம் நிழலுக்கு அனுப்பிய உத்தரவு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கறாராக இருந்தது, அவ்வளவுதான்.

அப்படிப் பன்னிரண்டு வருஷம் போனபின், ஒரு முற்பகலில் சங்கத்து வக்கீல் மீரான் அவள் அறைக்குள் வந்தான். டைட்டனிலேயே பிறந்தவன், அங்கே பிறந்த எல்லோரையும் போலக் காலும் கையும் நீண்டு நெடுநெடுவென்று வளர்ந்தவன். வெளியே யாரோ விசிலடித்தார்கள். பம்புவீட்டில் சங்கு ஊதிக்கொண்டே இருந்தது.

“வாரியம் ஒத்துக்கிட்டாவ, அக்கா. ஒப்பந்தம் முழுசா வந்துட்டு. உலை நமக்கு. பம்புவீடு நமக்கு. நீங்க ஒப்புச்சொல் சொன்ன நிமிஷத்துலேர்ந்து நம்ம தனி நாடு. எல்லாம் ஒங்க நெழலு ஒத்தைக்கு நின்னு வாதாடி வாங்குனது.”

“பொறவு ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?”

மீரான் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். “நம்ம தனி நாடுன்னா ஒங்க நெழலு அங்க அந்நிய நெழலு. அந்நிய நெழலு பூமியில தங்கக் கூடாதுன்னு அங்க ஒரு சட்டம் இருக்கு, உளவு பாத்துரும்னு பயம். ஒண்ணு, திருப்பி அனுப்பணும். இல்லன்னா அணைச்சிரணும்.”

“திருப்பி அனுப்புனா எங்க வரும்?”

“ஒங்களுக்குள்ளதான். அவ பாத்தது, பேசினது, நெனச்சது எல்லாம் ஒங்க நெனவாச் சேந்துரும். பன்னெண்டு வருஷமும்.”

செபஸ்தியாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முகத்தை மீரான் பார்க்கக் கூடாது. பன்னிரண்டு வருஷம் என்றால் எத்தனை ஞாயிற்றுக்கிழமை! ரெமி எப்படிச் சிரிப்பான், எதற்குக் கோபப்படுவான், அவனுக்குப் புருஷனின் காது வந்திருக்கிறதா, எல்லாமே இனி அவளுக்குத் தெரியும். மகன் அவளிடம் பேசியதாகவே நினைவில் இருக்கும். ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்கு விடுதலையைவிட இதுதான் பெரிதாகத் தெரிந்தது. தெரிந்த மறுகணமே வெட்கமாகவும் இருந்தது.

“அப்ப வரட்டும்” என்றாள், சாதாரணமாக.

“அவ வரமாட்டேங்கா, அக்கா. ஒங்களுக்குத் தனியா ஒரு சேதி அனுப்பியிருக்கா.”

மீரான் எழுந்து போனபிறகு அவள் அதைக் கேட்டாள். தன் குரல்தான். ஆனால் நாற்பத்தாறு வயதுக் குரல். கரகரப்பு ஏறாதது, மூச்சு வாங்காதது. அதைக் கேட்டதும் முதலில் ஒரு கோபம் வந்தது.

“ஏட்டி செபஸ்தி,” என்றது குரல். தன்னைத்தானே திட்டிக்கொள்ளும்போது அவள் அப்படித்தான் சொல்வாள். “நான் ஒன்கிட்ட இதுவர ஒண்ணும் கேட்டதில்ல. இப்பம் கேக்கேன். ஒரு வருஷம் பொறு. மீரானோட நெழல அனுப்பு, அத வாரியம் ஏத்துக்கிட அவ்வளவு நாளாவும், பொறவு அவன் கையெழுத்துப் போடட்டும். நான் தூத விட்டு வெலகி, இங்கயே குடியுரிம கேட்டு இருந்துக்கிடுதேன். வெலகுன நெழலுக்குக் குடுப்பாவ. கையெழுத்துப் போட்ட நெழலுக்குத்தான் குடுக்க மாட்டாவ.

“ரெமி மொத மொத வந்தப்ப ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தான். வளந்த ஆம்பள, இருபத்தஞ்சு வயசு. பொறவு சும்மா ‘அம்மா’ன்னான். நான் ‘என்னய்யா’ன்னேன். மறுபடி ‘அம்மா’ன்னான். ‘என்னய்யா, சொல்லு’ன்னேன். ஒடனே பதில் வருதான்னு பாக்குதான்ட்டி அவன். அத்தோட ஒடஞ்சு அழுதுட்டான். இவ்வளவு வருஷமும் அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒண்ணுதான். இப்பம் நானும் இல்லன்னா அவனுக்கு ரெண்டாந்தடவ ஆத்தா போன மாதிரி.

“நீ எனக்குத் தட்டக் கவுத்த. எப்படிக் கழுவி எப்படிக் கவுத்திருப்பன்னுகூட எனக்குத் தெரியும், அது என் கையி. ஒன்னக் கொற சொல்லல. ஒன் எடத்துல நான் இருந்தா நானும் அதத்தான் செஞ்சிருப்பேன். அதான் எனக்குப் பயமா இருக்கு.”

செபஸ்தியாள் அதை இரண்டாம் தடவை கேட்கவில்லை. கேட்டால் இளகிவிடுவோம் என்று தெரியும்.

பிற்பகலில் மீரான் திரும்ப வந்தான். கேட்காமலே அவனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. நிழல் அவனிடமும் பேசியிருந்தாள்.

“நான் போறேன் அக்கா. என் நெழல எடுத்துக்கிடட்டும். ஒரு வருஷம் தாங்கலாம். சங்கத்துல நான் பேசுதேன், ஒங்களுக்காகன்னா கேப்பாவ.”

“ஒரு வருஷத்துல அங்க தேர்தல். புது ஆளுவ வந்தா திரும்ப மொதல்லேர்ந்து தொடங்குன்னு சொல்லுவாவ. அதுக்குள்ள கம்பெனி சும்மா இருக்குமா? மூணாந்தெரு மறந்துட்டா ஒனக்கு?”

“என் கூடப்பொறந்த லாத்தாவும் அவ பிள்ளையளும் செத்தது அந்தத் தெருவுலதான். எனக்கு மறக்குமா? அதனாலதான் சொல்லுதேன். ஆளக் குடுத்துக் குடுத்து வாங்குனது போதும்.”

“நெழலு ஆளா?”

“வேற யாரு வேணும்னாலும் அதக் கேக்கலாம், அக்கா. நீங்க கேக்கக் கூடாது.”

அவளுக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்றாள். சங்கக் கூட்டத்தில் கம்பெனிக்காரனிடம் பேசுகிற குரல் தானாக வந்தது. “இருவதினாயிரம் பேரு குளிருல உசுரக் கையில பிடிச்சுட்டு இருக்காவ. ஒருத்தியோட ஞாயித்துக்கிழமைக்காக அவ்வளவு பேரையும் நான் நிறுத்தி வைக்கவா?”

“நாட்டுக்காகத்தான் அவள வரச் சொல்லுதீயளா?”

“வேற எதுக்கு?”

மீரான் மேற்கொண்டு கேட்கவில்லை. அவனுக்கு அவள்மேல் இருந்த மரியாதை அவன் வாயைக் கட்டியது. கேட்டிருந்தால் நல்லது. அவள் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் முழுசும் அது இல்லை. நாடு ஒரு பக்கமும் மகன் ஒரு பக்கமும் இழுத்திருந்தால் அவள் தடுமாறியிருப்பாள், யாரிடமாவது யோசனை கேட்டிருப்பாள். இரண்டும் ஒரே பக்கம் இழுத்தன. எதிர்ப்பக்கத்தில் நின்றவள் ஒரே ஒருத்தி. அவளுக்குத் தட்டு ஏற்கெனவே கவிழ்ந்திருந்தது.

அன்று மாலையே உத்தரவு போயிற்று. ஒப்பம் இடு, பிறகு திரும்பி வா, மாற்றமில்லை. கடைசியில் ஆறுதலாக ஏதாவது சேர்க்கலாமா என்று வாயைத் திறந்தாள். பன்னிரண்டு வருஷமாகப் பேசாத வாய்க்கு அது சட்டென்று வரவில்லை. அனுப்பிவிட்டாள்.

மூன்று மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. “சரி.” அவ்வளவுதான். பதில் வந்த நேரத்தைப் பார்த்தால், அங்கே அவள் ஒரு கணம்கூட யோசித்திருக்க முடியாது.

விடுதலை நாள் நன்றாகத்தான் நடந்தது. பம்புவீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். திருவனந்தபுரத்தில் நிழல் ஒப்பமிட்ட சேதி வந்ததும், செபஸ்தியாள் ஒலிபெருக்கியில் “ஒப்புகிறேன்” என்றாள். குரல் நடுங்கவில்லை. உலையின் சாவியை மீரானிடம் கொடுத்தார்கள்; அவன் முதலில் மூன்றாம் தெருவுக்குச் சூட்டைத் திறந்துவிட்டான். யாருமில்லாத அந்த வீடுகளின் சுவரில் வருஷக்கணக்காக உறைந்திருந்த பனி உருகித் தெருவில் ஓடியதை ஜனங்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிலர் அந்தத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பெரிய அண்டாக்களில் சர்க்கரைப் பொங்கல் பொங்கியது. அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நிழல் பூமியைவிட்டுக் கிளம்பி வந்துகொண்டிருந்தாள்.

நிழலைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்கு ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். வலி ஒன்றும் இல்லை. தூங்கி எழும்போதெல்லாம் புதிதாகச் சில நினைவுகள் இருக்கும், நேற்று நடந்தது போல. வாரியத்து நீள மேஜை வந்தது. தலைவர் பொய் சொல்லப்போகும்போது பேனாவை உருட்டுவது வந்தது. எந்த உறுப்பினருக்கு என்ன பயம், யாரை எப்போது சீண்டினால் உண்மையைக் கக்குவார் என்பது வந்தது. கம்பெனி வைத்தியரைக் குறுக்கு விசாரணை செய்து, முதல் கப்பல்காரர்கள் எப்படிச் செத்தார்கள் என்பதை அவர் வாயாலேயே சொல்லவைத்த நாள் வந்தது. செபஸ்தியாள் அசந்துபோனாள். நான் இவ்வளவு கெட்டிக்காரியா என்று தோன்றியது. இவ்வளவு தனியாகவும் இருந்திருக்கிறாளா என்றும் தோன்றியது. அறிக்கை அனுப்பிவிட்டு, ஒரு விசாரிப்பு வராதா என்று அவள் காத்திருந்த நேரங்களும் வந்தன. காத்திருந்தவளும் தானே, பதில் அனுப்பாதவளும் தானே என்றாகிவிட்ட பிறகு யாரை நோவது?

ஆனால் அவள் எதிர்பார்த்திருந்தது வேறு. கண்ணை மூடிக்கொண்டு வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை என்று நினைவை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போவாள். சனிக்கிழமை சாயங்காலம் வாரியம் கலையும். எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டுப் போவார்கள். அந்த ஆளில்லாத அறையில் நிழலுக்குள் ஒரு சந்தோஷம் கிளம்பும். என்ன சந்தோஷம் அது! மறுநாளை நினைத்துத் திருவிழாவுக்கு முந்தின நாள் பிள்ளைகளுக்கு வருவது போன்றது. இதோ, இதோ என்று செபஸ்தியாள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அடுத்த நினைவு திங்கட்கிழமை காலையாக இருக்கும். மனசு நிறைந்தும் கனத்தும் இருக்கும், எதனால் என்று தெரியாது.

இன்னொரு வாரத்தைத் தேடினாள். இன்னொரு வருஷத்தைத் தேடினாள். எல்லாம் அப்படியே. சனி சாயங்காலம், பிறகு திங்கள் காலை.

மீரான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவள் கேட்டாள். “மிச்சம் எப்ப வரும்?”

அவன் உட்காரவில்லை. “வந்தது இவ்வளவுதான், அக்கா. இங்க எதாவது விட்டுப்போச்சான்னு நான் ரெண்டு தடவ பாக்கச் சொன்னேன். கெளம்புறதுக்கு முன்னாடி அவளே அங்கங்க வெட்டி எடுத்துட்டா. நாட்டுக்கு வேண்டியது ஒரு சொல்லு கொறையல. மத்தது...”

“மத்தது எங்க?”

“இல்ல, அக்கா. அழிச்சிட்டா.”

செபஸ்தியாள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கோபப்பட முயன்று பார்த்தாள், வரவில்லை. தன்னைவிட நன்றாகத் தன்னைத் தெரிந்தவள் அங்கே இருந்திருக்கிறாள். மாற்றமில்லை என்று இங்கிருந்து போன சொல்லுக்குள் என்ன ஆசை ஒளிந்திருந்தது என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? சரி என்று ஒரே சொல்லில் நாட்டைக் கொடுத்துவிட்டாள். பிள்ளையைக் கொடுக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு வருஷத்தை அவள் வளர்த்தாள், அவளே எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வருஷம் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒருவேளை எல்லாம் கெட்டிருக்கலாம். ஒருவேளை ஒன்றும் ஆகாமல், அங்கே ஒரு மகனுக்கு அம்மா இருந்திருக்கலாம். இந்த ஒருவேளையோடுதான் செபஸ்தியாள் வீடு வந்து சேர்ந்தாள்.

புதிய நாட்டின் சபைக்கு அவளைத் தலைவி ஆக்கினார்கள். பேச எழுந்தால், தனக்கே தெரியாத வாதங்கள் வாயில் வந்து விழுந்தன. ஜனங்கள் கைதட்டினார்கள்.

சில வாரங்கள் கழித்துப் பூமியிலிருந்து அவளுக்கு ஒரு சேதி வந்தது. ஆம்பிளைக் குரல், தெரியாத குரல்.

“வணக்கம். நான் ரெமிஜியுஸ் பேசுதேன். உங்களை எப்படிக் கூப்பிடணும்னு எனக்குத் தெரியல, தப்பா எடுத்துக்கிடாதீங்க. எங்கம்மா கடைசியா நான் போன ஞாயித்துக்கிழம ஒண்ணுமே சொல்லல. எப்பவும் போலப் பேசிட்டு, அடுத்த வாரம் வாய்யான்னு அனுப்பி வச்சா. அடுத்த வாரம் போனா அறை காலியா இருக்கு. அவளோட நெனவு பூரா உங்ககிட்ட வந்துட்டுன்னு வாரியத்துல சொன்னாவ. உங்ககிட்ட நான் கேக்க வேண்டியது ஒண்ணுதான். கடைசி நேரத்துல அவ என்ன நெனச்சா? என் பேரச் சொன்னாளா?”

எங்கம்மா. உங்களை. உங்ககிட்ட. அந்தச் சொற்களைச் செபஸ்தியாள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

கடைசி நேரம் அவளிடம் இருந்தது. ஒப்பமிட்டாயிற்று. வாரியத்துத் தலைவர் எழுந்து நின்று வாழ்த்தினார். இயந்திரக்காரன் வந்து “தயாரா அம்மா?” என்று கேட்டான். “கொஞ்சம் பொறுங்க” என்றாள் நிழல். அதற்கு மேல் வெட்டு. வெட்டுக்கு அப்பால் ஒரே ஒரு நினைவுதான். “ம், இனி அனுப்புங்க.”

சொன்னாள், உன் பேரைத்தான் சொன்னாள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். பையன் ஆறிவிடுவான். அது பொய்யாகக்கூட இருக்காது. வேறு எதை நினைத்திருப்பாள்? அவன் மறுபடி பேசவும் கூடும், இன்னும் கேட்கக்கூடும், அவனுக்கு வேண்டிய ஆளாக இவள் மெல்லமெல்ல ஆகிவிடவும் கூடும். ஒலிவாங்கியை எடுத்தபோது அவள் அப்படிச் சொல்லத்தான் எடுத்தாள்.

“ஐயா, ரெமி,” என்றாள். தன் குரல் கிழவியின் குரலாக இருப்பது அவளுக்கே உறைத்தது. “ஒங்க அம்மா ஒன்னப் பத்தின நெனவு ஒண்ணுகூட எனக்குத் தரலய்யா. கெளம்புறதுக்கு முன்னாடி ‘கொஞ்சம் பொறுங்க’ன்னு சொன்னா. அந்தக் கொஞ்ச நேரம் அவ என்ன நெனச்சான்னு எனக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் எடுத்துட்டுப் போயிருக்கா. அவ எங்கிட்ட ஒரு வருஷம் கேட்டா. நான்தான் குடுக்கல.”

அனுப்பியாயிற்று. இனி அதைத் திரும்ப வாங்க முடியாது. அவன் என்ன சொல்வான் என்று காத்திருப்பதைத் தவிர அவளுக்கு வேறு வேலை இல்லை.